பெட்ரோல் ஈரத்தைக் காட்டி ‘ரிங் போச்சு’ என்பார்கள்: பழைய பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்கள் கவனத்திற்கு

பந்தலூர், சேரம்பாடி, எருமாடு பக்கம் பழைய பெட்ரோல் வண்டியில் தேயிலைக் கொழுந்து ஏற்றுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அடுத்த முறை ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். எனக்கு 46,500 ரூபாய் போனது. வண்டி 19 நாள் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. அந்த 19 நாளும் வாடகை ஜீப்புக்குக் காத்திருந்து, சாக்கில் கொழுந்து சூடேறி வாடி, ஃபேக்டரியில் விலை குறைத்துத்தான் எடுத்தார்கள்.

வண்டி 1998 மாடல் மாருதி ஜிப்சி கிங். 1298 சிசி, கார்புரேட்டர். பின் சீட்டைக் கழற்றிவிட்டுப் பிக்கப்பாகத்தான் ஓட்டுகிறேன். தோட்டத்திலிருந்து எடை போடும் இடம், அங்கிருந்து ஃபேக்டரி என்று ஒரு நாளைக்கு 15 கிலோமீட்டர்கூட வராது. போன ஜூலை மழையில் மிஸ்ஸிங் ஆரம்பித்தது. ஏற்றத்தில் வெட்டி வெட்டி இழுக்கும், ஐடிலில் எஞ்சின் குலுங்கும். இரண்டு நாள் வெயில் அடித்தால் பாதி சரியாகிவிடும்.

பக்கத்து டவுனில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பெயர் போடவில்லை. முதலில் நான்கு ஸ்பார்க் பிளக்கையும் மாற்றினார். ஆறே நாளில் மறுபடி மிஸ்ஸிங். மீண்டும் புது பிளக், கார்புரேட்டர் சர்வீஸ் என்று ஒரு தொகை. மூன்றாம் முறை போனபோது ஒரு பிளக்கைக் கழற்றி என் கையில் கொடுத்தார். கரேலென்று, ஈரமாக இருந்தது. “பாருங்க தம்பி, ஆயில் ஏறுது. ரிங் போயிடுச்சு. எஞ்சினை இறக்கியே ஆகணும்” என்றார். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்து, எஞ்சின் ஆயில் மேலே ஏறி பிளக்கை நனைக்கிறது என்று அர்த்தம். கண்ணால் பார்த்துவிட்டோமே என்று நானும் “சரிண்ணே” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஏமாந்த இடம் அதுதான். பிளக் ஈரமாக இருந்தால் அது ஆயிலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தீப்பொறி வராத சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் பிளக்கை நனைத்துவிடும். மோந்தாலே தெரியும். ஒரு வெள்ளைத் தாளில் துடைத்து வையுங்கள். பெட்ரோல் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும், ஆயில் என்றால் எண்ணெய்க் கறை அப்படியே நிற்கும். எங்கள் வீட்டுப் பிள்ளைகள்கூடச் செய்துவிடக்கூடிய சோதனை இது. அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

19 நாள் கழித்து, ரிங் போட்டாச்சு, வால்வு சீல் போட்டாச்சு என்று துண்டுச் சீட்டில் கணக்கெழுதிக் கொடுத்தார். பழைய ரிங்கைக் கேட்டேன், காயலான் கடைக்குப் போய்விட்டதாம். வண்டியை எடுத்து வந்த மூன்றாம் நாள் நல்ல மழை. தேவாலா ஏற்றத்தில் அதே வெட்டு.

தாளூர் செக்போஸ்ட் தாண்டி கேரளாவில், சுல்தான் பத்தேரியில் ஒரு வயதான மெக்கானிக் இருக்கிறார், எல்லோரும் இக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவரிடம் கொண்டு போனேன். அவர் முதலில் ஸ்பேனரையே எடுக்கவில்லை. எப்போது மிஸ்ஸிங் வருகிறது, மழையிலா வெயிலிலா, வண்டி குளிர்ந்திருக்கும்போதா சூடான பிறகா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மழை பெய்தால் ரிங் தேயாது, வெயில் அடித்தால் தேய்ந்த ரிங் சரியாகாது. ஈரத்தில் கெட்டு வெயிலில் தேறுகிறது என்றால் கரெண்ட் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். இது எனக்கு மட்டுமல்ல, மூன்று முறை அதே புகாரைக் கேட்ட முதல் ஆளுக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

எஞ்சின் ஓடும்போதே பிளக் வயர்களை ஒவ்வொன்றாகத் துண்டித்துப் பார்த்தார். நல்ல சிலிண்டரின் வயரை எடுத்தால் எஞ்சின் சத்தம் தளரும். மூன்றாவதை எடுத்தபோது எந்த மாற்றமும் இல்லை. (நீங்கள் வெறுங்கையால் செய்யாதீர்கள், ஷாக் பலமாக அடிக்கும்.) அப்புறம் ஷெட் விளக்கை அணைத்து, பிளக்குகளுக்குக் கரெண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிப்யூட்டர் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்தார். இருட்டில் அதன் மூடியான கேப்பின் மேல் நீலப் பொறி ஓடுவதை நானே பார்த்தேன். மூன்றாவது வயர் சொருகும் இடத்துக்குப் பக்கத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு கீறல், அதில் கரிக்கோடு.

ஆனால் மற்ற மூன்று பிளக்கும் ஏன் கறுத்திருக்கின்றன? அவை ஈரமில்லை, கை வைத்தால் ஒட்டும் காய்ந்த கரி. இக்கா பிளக்கின் எண்ணைக் காட்டினார். என் வண்டியில் முதலில் இருந்தது 5, அந்த ஒர்க்‌ஷாப்பில் போட்டது அதே கம்பெனியின் 8. என்ஜிகே பிளக்கில் எண் கூடினால் பிளக் குளிர்ந்த ரகம், வெப்பத்தைச் சீக்கிரம் கடத்திவிடும். பாஷில் இதற்கு நேர் எதிர், எண் கூடினால் சூடான ரகம். பிளக்கின் முனை கிட்டத்தட்ட 450 டிகிரி சூட்டைத் தொட்டால்தான் படிகிற கரி தானாக எரிந்து போகும். காலையில் சோக் இழுத்து, முதல் கியரிலும் இரண்டாவதிலும் நாலு கிலோமீட்டர் ஓடி நிற்கும் வண்டியில் குளிர்ந்த பிளக் போட்டால் அந்தச் சூடு வரவே வராது. புது பிளக் ஆறு நாளில் கறுத்ததற்குக் காரணம் அதுதான்.

கடைசியாக கம்ப்ரெஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று பார்த்தார். எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துச் சுற்றவிட்டு எடுக்க வேண்டும். நான்கும் ஏறக்குறைய ஒரே அளவு. “எஞ்சினு குழப்பமில்லா மோனே” என்றார், எஞ்சினில் கோளாறு இல்லை என்று. ரிங் புதிதாகப் போட்டதால்தான் நன்றாக இருக்கிறதோ என்று கேட்டேன். பதில் சொல்லாமல் வண்டியைத் தூக்கி அடியில் டார்ச் அடித்தார். எஞ்சினின் அடியில் ஆயில் நிற்கும் தட்டுதான் சம்ப்; அதன் போல்ட் ஒவ்வொன்றின் மேலும் வருடக்கணக்கான சேறும் எண்ணெய்ப் பிசுக்கும் இறுகிக் கிடந்தது. எஞ்சின் மவுண்டிங் போல்ட்டும் அப்படியே. சம்ப்பை இறக்காமல் பிஸ்டனை வெளியே எடுக்க முடியாது. எஞ்சினை யாரும் தொடவே இல்லை.

கேப், ரோட்டர், வயர் செட், சரியான எண்ணில் நான்கு பிளக், கூலி எல்லாம் சேர்த்து 2,850 ரூபாய். அந்த மழைக்காலம் முழுக்க ஒரு முறைகூட வெட்டவில்லை.

யாராவது ரிங் போச்சு என்றால் கம்ப்ரெஷன் கேஜை உங்கள் கண்முன் வைக்கச் சொல்லுங்கள். அளவு குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். ஏறினால் ரிங் சந்தேகம் நியாயம், ஏறாவிட்டால் வால்வோ கேஸ்கெட்டோ. வேலை தொடங்கும் முன்பே பழைய பாகம் எனக்கு வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். முறையான பில் வாங்குங்கள். என்னிடம் இருப்பது துண்டுச் சீட்டும், போனில் பணம் அனுப்பிய பதிவும், போல்ட் படங்களும்தான். அதை வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடுகிறேன். 2 ஆண்டுக்குள் போட வேண்டும், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. ஆலோசனைக்கு 1915 என்ற எண்ணில் கூப்பிடலாம்.

அண்மையில் ‘எஞ்சின் வேலை’ செய்து வண்டியை எடுத்தவர்கள் யாராவது இருந்தால், கழுவுவதற்கு முன் அடியில் படுத்து சம்ப் போல்ட்டைப் பாருங்கள். படமும் எடுத்து வையுங்கள்.