எல்.எஸ்.யு. பேஸ்பால்: கணக்குக் கேட்க வேண்டிய நாள் செவ்வாய்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், பேட்டன் ரூஜ் நகரின் அலெக்ஸ் பாக்ஸ் மைதானத்தில், வலப்புற வேலிக்குப் பின்னால் ஒரு பெரிய பலகை நிற்கிறது. அதற்கு ‘இன்டிமிடேட்டர்’ என்று பெயர். கல்லூரி பேஸ்பாலின் தேசியக் கோப்பை வென்ற ஆண்டுகளை அதில் எழுதி வைக்கிறார்கள்: 1991, 1993, 1996, 1997, 2000, 2009, 2023, 2025. வந்து ஆடும் அணியை மிரட்டத்தான் அந்தப் பலகை. ஆனால் வருபவர்கள் மூன்று நாளில் ஊர் திரும்பிவிடுவார்கள். வருஷம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டு வேலை செய்ய வேண்டியவர் எல்.எஸ்.யு.வின், அதாவது லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின், தலைமைக் கோச்.

இந்த அணிக்கு சீசன் டிக்கெட் எடுப்பவருக்கு மைதானத்தைப் பற்றிக் குறை சொல்ல அதிகம் இல்லை. 2009இல் திறந்தது, 10,326 பேர் கொள்ளும். கல்லூரி பேஸ்பாலில் கூட்டத்துக்குப் பெயர்போன இடம். பிப்ரவரி இரவுகளில் குளிரும், ஜாக்கெட் வேண்டும். மே மாதம் புழுக்கம் தாங்காது. மற்றபடி இடத்துக்கு முழு மதிப்பெண்.

ஆட்டத்துக்கு மதிப்பெண் போடுவதுதான் கடினம். பிப்ரவரி நடுவில் தொடங்கி மே வரை அதிகபட்சம் 56 ஆட்டங்கள். அதில் 30, எல்.எஸ்.யு. இடம்பெற்றிருக்கும் தென்கிழக்குக் கல்லூரிகளின் கூட்டமைப்பான எஸ்.இ.சி.யின் ஆட்டங்கள்: பத்து வார இறுதிகள், ஒவ்வொன்றிலும் ஒரே எதிரணியோடு மூன்று. பெரும்பாலும் வெள்ளி, சனி, ஞாயிறு. இடையில் செவ்வாய்க்கிழமைகளில் சிறிய கல்லூரிகளோடு ஓர் ஆட்டம். ரசிகர்கள் வெள்ளி டிக்கெட்டுக்கு அடித்துக்கொள்வார்கள், செவ்வாய் டிக்கெட்டை மைத்துனனுக்குக் கொடுத்துவிடுவார்கள். கோச்சின் தரம் தெரிவதோ செவ்வாயிலும் ஞாயிறிலும்.

காரணம் ஜூன் மாதத்தின் அமைப்பு. தேசியப் போட்டியில் 64 அணிகள். முதல் கட்டம் 16 ரீஜனல்கள், ஒவ்வொன்றிலும் நான்கு அணிகள். இரண்டு முறை தோற்றால் வெளியே. முதல் ஆட்டத்திலிருந்து வரிசையாக வென்றால் மூன்றே ஆட்டத்தில் வேலை முடியும். முதல் ஆட்டத்தில் தோற்றால் தொடர்ந்து நான்கு வெல்ல வேண்டும். அதாவது நான்கு நாளில் ஐந்து ஆட்டம். வார இறுதிக்கென மூன்று பிட்சர்களை (பந்து வீசுபவர்களை) மட்டும் தயார் செய்த அணி அங்கே கை விரித்துவிடும். நான்காவது, ஐந்தாவது ஆள் எங்கே உருவாகிறான்? மார்ச் மாதச் செவ்வாய்களில், கூட்டம் குறைந்த மைதானத்தில்.

2025ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். சொந்த ஊர் ரீஜனலில், வெற்றியைவிடத் தோல்வி அதிகமாக வைத்துக்கொண்டு வந்த லிட்டில் ராக் அணியிடம் எல்.எஸ்.யு. ஓர் ஆட்டம் தோற்றது. கடைசி ஆட்டம்வரை இழுபட்டுத்தான் பிழைத்தது. அங்கே சறுக்கியிருந்தால் அந்த ஆண்டு பலகைக்கு வந்திருக்காது. மூன்றே வாரம் கழித்து, கடைசி எட்டு அணிகள் மோதும் ஒமாஹா நகரில், இறுதித் தொடரில் எல்.எஸ்.யு. பிட்சர் கேட் ஆண்டர்சன் 130 பந்துகள் வீசி கோஸ்டல் கரோலினாவை 1-0 என்று அடக்கினார். மறுநாள் 5-3, கோப்பை. கல்லூரி பேஸ்பாலில் பந்து எண்ணிக்கைக்கு விதிப்படி உச்சவரம்பு கிடையாது. 130 வரை விடுவதா, 95இல் நிறுத்துவதா என்பது முழுக்கக் கோச்சின் முடிவு. வென்றால் துணிச்சல் என்பார்கள், பையனின் முழங்கை போனால் வேறு பேச்சு.

கோச்சுகளிடம் இந்த ஊர் கணக்குக் கேட்கும் விதம் சீராக இல்லை. ஸ்கிப் பெர்ட்மன் 1984 முதல் 2001 வரை இருந்து ஐந்து கோப்பை வென்றார். அடுத்து வந்த ஸ்மோக் லவால் 2003, 2004 இரண்டு ஆண்டும் அணியை ஒமாஹாவுக்குக் கொண்டுபோனார். இரண்டு முறையும் ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் திரும்பினார். 2006இல் தேசியப் போட்டிக்கே இடம் கிடைக்கவில்லை, பதவி விலகினார். அப்போது விளையாட்டுத் துறை இயக்குநர் யார் தெரியுமா? அதே பெர்ட்மன். முன்னோடியே மேலதிகாரியாக உட்கார்ந்திருக்கும் நாற்காலியை யாருக்கும் பரிந்துரைக்க முடியாது.

பால் மைனியேரி 2009இல் கோப்பை வென்றார். 2011இல் அவருடைய அணியும் தேசியப் போட்டிக்கு வெளியே நின்றது, ஆனால் வேலை போகவில்லை. 2021இல் ஓய்வு பெறும்வரை இருந்தார். ஒரே தவறு, இரண்டு தீர்ப்பு. கையிருப்பில் ஒரு கோப்பை இருந்தால் ஒரு மோசமான ஆண்டுக்குக் கழிவு உண்டு என்பதுதான் எழுதாத விதி. அநியாயமாகத் தெரியலாம், ஆனால் இந்த விதியாவது முன்கூட்டியே தெரிந்த விதி.

மைனியேரிக்கு அடுத்து வந்த ஜே ஜான்சன் காலத்திலும் அந்தக் கழிவு கைகொடுத்தது. 2023இல் பிட்சிங் கோச் வெஸ் ஜான்சன். மின்னசோட்டா ட்வின்ஸ் என்ற தொழில்முறை அணியின் வேலையைச் சீசன் நடுவில் விட்டுவிட்டு வந்தவர். விமானப்படை அகாடமியிலிருந்து மாறி வந்த பால் ஸ்கீன்ஸ் அந்த ஆண்டுதான் யாராலும் தொட முடியாத பிட்சர் ஆனார். கோப்பைக்கான இறுதித் தொடரில் புளோரிடாவுடன் ஒரு நாள் 4-24 என்று நொறுங்கி, மறுநாள் 18-4 என்று வென்றார்கள். அடுத்த மாதம், தொழில்முறை அணிகள் வரிசையாக இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில், முதல் இரண்டு பெயர்களும் எல்.எஸ்.யு.வின் ஸ்கீன்ஸ், டிலன் குரூஸ். வெஸ் ஜான்சன் தலைமைக் கோச்சாக ஜார்ஜியாவுக்குப் போனார். 2024இல் எஸ்.இ.சி.யின் முதல் 15 ஆட்டங்களில் 3 வெற்றி, 12 தோல்வி. அங்கிருந்து எழுந்து 13-17இல் முடித்து, ரீஜனலில் வட கரோலினாவிடம் தோற்றார்கள். புதிதாக வந்த பிட்சிங் கோச் நேட் யெஸ்கியை மாற்றவில்லை. மறு ஆண்டே கோப்பை வந்தது. ஏப்ரலில் தலை கேட்டவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

பணம் இல்லை என்ற சாக்கு மட்டும் இனி எடுபடாது. முன்பு ஓர் அணிக்கு 11.7 ஸ்காலர்ஷிப்தான், அதை 27 பேர்வரை துண்டு போட்டுக் கொடுக்க வேண்டும். லூசியானா மாணவர்களுக்கு மாநில அரசின் டாப்ஸ் உதவித்தொகை இருப்பதால் எல்.எஸ்.யு.வுக்கு அப்போதே கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. 2025-26 முதல் புதிய ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த வரம்பு நீங்கி, அணிக்கு 34 பேர் என்ற வரம்பு வந்துவிட்டது. 34 இடத்தில் ஒருவனைத் தவறாக எடுத்தால் ஒளித்து வைக்க இடமில்லை. கோச்சின் கையில் இல்லாதது டிராஃப்ட் ஒன்றுதான்: பள்ளி முடித்துச் சேர ஒப்புக்கொண்ட பையன் ஜூலையில் தொழில்முறை அணியோடு கையெழுத்திட்டுப் போய்விடுவான். அதற்கு அவரைத் திட்டிப் பயனில்லை. அந்த இடத்தை நிரப்ப மாற்றாக யாரை வைத்திருந்தார் என்று கேட்கலாம்.

ஞாயிறு ஆட்டத்துக்குப் போனால் ஐந்தாவது இன்னிங்ஸிலிருந்து ஸ்கோர் பலகையை விட்டுவிட்டு, மாற்று பிட்சர்கள் தயாராகும் இடமான புல்பென்னைப் பாருங்கள். எதிரணி பேட்டிங் வரிசை மூன்றாம் சுற்றுக்கு வரும் நேரம் அது. வாக் விழுந்த (நான்கு தவறான பந்து போட்டு எதிரணி ஆளை இலவசமாக முதல் பேஸுக்கு அனுப்பிய) பிறகுதான் அடுத்த பிட்சர் எழுந்து கை சூடு பண்ணுகிறான் என்றால் கோச் தாமதம். வெள்ளியன்று 40 பந்து வீசியவனே ஞாயிறும் எழுகிறான் என்றால் நம்பிக்கைக்குரிய ஆள் அணியில் போதவில்லை. செவ்வாயில் பார்க்க வேண்டியது: முதலாமாண்டுப் பையன் முதல் பந்தையே ஸ்ட்ரைக்காக, அதாவது சரியான எல்லைக்குள், போடுகிறானா, இரண்டு ரன் விட்டதும் அவனைத் தூக்குகிறார்களா, தானே மீண்டு வர விடுகிறார்களா.

முழு சீசன் டிக்கெட்டுக்கு வசதி இல்லாதவர் ஒரு எஸ்.இ.சி. வார இறுதியின் ஞாயிறையும், மார்ச்சில் இரண்டு செவ்வாயையும் எடுத்தால் போதும். செவ்வாய் டிக்கெட் யாராவது ஒரு மைத்துனனிடம் மலிவாகக் கிடைக்கும்.