போகாஸ்தெல் ஒயின்கள்: எந்த வயதில் திறப்பது, எதோடு பரிமாறுவது

தெற்குப் பிரான்ஸில், ரோன் பள்ளத்தாக்கில் இருக்கும் ஷாத்தோநெஃப் து பாப் ஊரின் பெயரை லேபிளில் ஒட்டி வரும் சிவப்பு ஒயின்களில் பெரும்பாலானவை கிரனாஷ் திராட்சையின் ராஜ்ஜியம். நன்றாகக் கனிந்த செர்ரி, ஜாம் வாசனை, தொண்டையில் இறங்கும்போது ஒரு சூடு. முதல் மடக்கிலேயே பிடித்துப்போகும் ரகம். அதே எதிர்பார்ப்போடு ஷாத்தோ தெ போகாஸ்தெல் பாட்டிலைத் திறந்தால் முதல் கிளாஸ் குழப்பிவிடும். ஜாமுக்குப் பதில் கறுப்பு ஆலிவ், பதப்படுத்திய தோல், மழை பெய்து ஓய்ந்த மண். காரணம் மூர்வேத்ர். மற்ற தோட்டங்கள் கொஞ்சமாகச் சேர்க்கும் இந்தத் திராட்சை இங்கே கிரனாஷுக்குச் சமமாக, ஏறக்குறைய 30 விழுக்காடு நிற்கிறது.

தோட்டம் ரோன் ஆற்றின் கிழக்குக் கரைப் பக்கம், கூர்தேஸோன் ஊர் எல்லையில் இருக்கிறது. 1909இல் பியேர் திராமியே வாங்கியது. அவருடைய மருமகன் வழியாகப் பெரான் குடும்பத்துக்கு வந்தது. இன்றும் அவர்களிடமே. மொத்தம் சுமார் 130 ஹெக்டேர், அதில் 100 ஹெக்டேர் கொடி. ரசாயன உரமும் பூச்சிமருந்தும் 1950 வாக்கிலேயே நிறுத்தப்பட்டன. அந்தக் காலத்தில் அக்கம்பக்கத்தில் சிரித்திருப்பார்கள். தரையெங்கும் தேங்காய் அளவுக்குக்கூட உருண்டைக் கூழாங்கற்கள். பகல் வெயிலைக் குடித்து இரவில் வெப்பத்தை விடும் கற்கள் அவை. தாமதமாகப் பழுக்கும் மூர்வேத்ருக்கு அது வேண்டும். வடக்கிலிருந்து வீசும் மிஸ்ட்ரால் காற்று இலைகளை உலர்த்திப் பூஞ்சையைத் தள்ளிவைக்கும். எப்போதும் அல்ல: 2018இல் ஈரமான வசந்தகாலத்தில் அடிச்சாம்பல் நோய் இந்த வட்டாரம் முழுக்கக் கிரனாஷை அழித்தது. வேதிமருந்து தொடாத தோட்டங்களுக்கு அடி பலமாகவே விழுந்தது.

சட்டம் கறாரானது. ஷாத்தோநெஃப் து பாப் 1936இல் சட்டப்படி வரையறுக்கப்பட்ட பெயர். அறுவடை கையால்தான், ஒரு ஹெக்டேருக்கு 35 ஹெக்டோலிட்டருக்கு மேல் எடுக்க முடியாது, ஆல்கஹால் குறைந்தது 12.5 விழுக்காடு, ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயின் செய்ய அனுமதியே இல்லை. (ஷாத்தோநெஃப் து பாப் ஊராட்சி 1954இல் பறக்கும் தட்டுகள் தன் எல்லைக்குள் இறங்கக் கூடாது என்றும் ஆணை போட்டது. கறார் என்றால் அப்படி.) விதி அனுமதிக்கும் மரபான 13 திராட்சை வகைகளையும் போகாஸ்தெல் வளர்க்கிறது. வகை வகையாகத் தனித்தனியே அறுத்து, தனித்தனியே நொதிக்க வைத்து, பிறகு கலக்கிறார்கள். காற்றுப் பட்டால் சீக்கிரம் வாடும் கிரனாஷ் மூடிய தொட்டிகளுக்குப் போகும். காற்று வேண்டும் மூர்வேத்ரும் சிராவும் மரத்தொட்டிகளுக்கு. கலந்த பின் ஓராண்டு பெரிய ஓக் பீப்பாய்களில். பெரிய பீப்பாயில் ஒயினைத் தொடும் மரப்பரப்பு குறைவு என்பதால் வெனிலா வாசனை ஏறாது.

இந்த வீட்டுக்கே உரிய வேலை ஒன்று உண்டு. பெரான் குடும்பத்து ஷாக் பெரான் வழக்கப்படுத்தியது: காம்பு நீக்கிய திராட்சையின் தோலை மட்டும் சுமார் 80 பாகை செல்சியஸ் வெப்பத்தில் கொஞ்ச நேரம் காட்டி, உடனே 20 பாகைக்குக் குளிரவைப்பது. உள்ளே இருக்கும் சாறு வேகாது. தோலில் இருக்கும் ஆக்சிஜனேற்ற நொதிகள் செயலிழக்கும். நிறமும் எளிதில் இறங்கும். அதனால் ஒயின் கெடாமல் காக்கப் போடும் கந்தகம் குறைவாக இருந்தால் போதும்.

குறைந்த கந்தகத்துக்கு விலையும் உண்டு. 1989, 1990 போன்ற பழைய ஆண்டுகளின் சிவப்பில் வரும் மாட்டுத்தொழுவ வாசனை பற்றி ஒயின் வட்டாரங்களில் பல வருடங்களாக வாக்குவாதம். ஒரு கட்சி அதை மூர்வேத்ரின் குணம் என்கிறது. இன்னொன்று பிரெட்டானோமைசிஸ் என்ற ஈஸ்டின் வேலை என்கிறது. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை. அண்மை ஆண்டுகள் இந்த விஷயத்தில் சுத்தமாக இருக்கின்றன. கையில் இருக்கும் பாட்டிலில் எது என்று பார்க்க எளிய வழி: டிகாண்டர் என்ற அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். காற்றில்லாமல் மூச்சுமுட்டிக் கிடந்த வாசனை என்றால் கலைந்துவிடும். ஈஸ்டின் வாசனை கலையாது. குதிரைச் சேணமும் மருந்துப் பஞ்சும் இன்னும் தூக்கலாகும்.

சிவப்பு ஒயினை எப்போது திறப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். அறுவடையிலிருந்து நான்கு, ஐந்து வருடம் வரை பழச்சுவை மேலே நிற்கும், அப்போது குடிக்கலாம். அதற்குப் பிறகு சில வருடம் ஒயின் வாயை மூடிக்கொள்ளும்: வாசனை அடங்கி, துவர்ப்பு மட்டும் முன்னால் நிற்கும். நம் நாக்குக்கு இந்தத் துவர்ப்பு பழக்கமானதுதான், வாழைப்பூவிலும் நாவற்பழத்திலும் இருப்பது. ஆனால் பழமும் வாசனையும் இல்லாமல் அது மட்டும் இருந்தால் பாக்கு மென்றது போல் வாய் இழுக்கும். பத்து வருடம் தாண்டினால் திறக்கும். நல்ல ஆண்டு என்றால் 25, 30 வருடம் தாங்கும். 2016 வைத்திருப்பவர் அவசரப்பட வேண்டாம்.

வயது குறைந்த சிவப்பை இரண்டு மணி நேரம் முன்பே டிகாண்டரில் ஊற்றுங்கள். 15 வயது தாண்டிய பாட்டிலை ஒரு நாள் முழுக்க நிமிர்த்தி வைத்து, வண்டல் அடியில் தங்கிய பிறகு, பரிமாறும் நேரத்தில் மெதுவாக ஊற்றி, வண்டல் கழுத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். பழைய பாட்டிலை இரண்டு மணி நேரம் காற்றாட விட்டால் வாசனை பறந்து, மேஜைக்கு வரும்போது வெறும் புளித்த சாறு மிஞ்சும். வெப்பம் 16 முதல் 18 பாகை. 'அறை வெப்பம்' என்ற பழைய சொல் கணப்பு இல்லாத கல்வீடுகளுக்குச் சொன்னது. 28 பாகை அறையில் வைத்த 14.5 விழுக்காடு ஒயின் மூக்கில் ஸ்பிரிட் போல் ஏறும். பாட்டிலை அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள், போதும்.

வெள்ளைதான் இந்த வீட்டின் ஆச்சரியம். சுமார் 80 விழுக்காடு ரூசான் என்ற வெள்ளைத் திராட்சை, மீதியில் பெரும்பகுதி வெள்ளைக் கிரனாஷ், பிறகு கிளரெத், பிக்பூல், பூர்பூலான் கொஞ்சம் கொஞ்சம். எலுமிச்சைப் புளிப்போடு பல் கூசும் வெள்ளை ஒயின் அல்ல இது. பேரிக்காய், தேன்மெழுகு, சாமந்திப்பூத் தேநீர். வாயில் பால் ஏடு போன்ற தடிப்பு. புளிப்பு குறைவு. முதுகெலும்பாக இருப்பது பழத்தோலின் லேசான கசப்பு. பழைய கொடி ரூசான் என்று தனியாக ஒன்று வருகிறது: 75 வயதைத் தாண்டிய கொடிகள், ரூசான் மட்டும். ரோன் பள்ளத்தாக்கின் மிகச் சிறந்த வெள்ளைகளில் ஒன்று என்று தயங்காமல் சொல்லலாம். விலையும் அதற்கேற்ப.

இதிலும் வயதுக் கண்ணி உண்டு, சிவப்பைவிட மோசமானது. முதல் மூன்று, நான்கு வருடம் மலர்ந்திருக்கும். பிறகு நிறம் இறுகி, பழவாசனை போய், அக்ரூட்டும் சற்றே வாடிய ஆப்பிளும் போல மணக்கும். ஒயின் கெட்டுவிட்டது என்று தொட்டியில் கொட்டியவர்கள் உண்டு. 12, 15 வயதில் அதே ஒயின் தேனும் காளானும் வறுத்த பாதாமுமாகத் திரும்பி வரும். ஆக, ஆறாவது, எட்டாவது வருடத்தில் திறக்காதீர்கள். குளிர் 12 முதல் 14 பாகை. ஃபிரிட்ஜின் 5 பாகையில் ஊற்றினால் வாசனை செத்து, கசப்பு மட்டும் தெரியும். வெளியே எடுத்து அரைமணி நேரம் வையுங்கள். இந்த வெள்ளையையும் டிகாண்டரில் ஊற்றலாம், ஊற்றுவதே நல்லது.

சாப்பாட்டுக்கு வருவோம். சிவப்புக்கு இந்த மண்ணின் தோப் தான் சரியான ஜோடி: மாட்டுக்கறியை ஒயினில் மெல்ல வேகவைத்த குழம்பு. மாட்டின் கன்னத்தசை அல்லது தோள்கறி ஒன்றரைக் கிலோ, வெங்காயம், கேரட், ஐந்தாறு பல் பூண்டு, தைம், பிரிஞ்சி இலை, ஒரு விரல் நீள ஆரஞ்சுத் தோல், ஒரு பாட்டில் சாதாரண கோத் து ரோன் சிவப்பு. பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து, கறியைத் துடைத்து வறுத்து, ஊறிய ஒயினையே ஊற்றி, மூடி, கொதிக்கவிடாமல் மூன்று, நான்கு மணி நேரம். கறுப்பு ஆலிவ் கடைசி இருபது நிமிடத்தில்; முன்பே போட்டால் உப்பும் கசப்பும் இறங்கிவிடும். கன்னத்தசையில் உள்ள சவ்வு கரைந்து குழம்பு உதட்டில் ஒட்டும். அந்தப் பசை நாக்கைப் போர்த்துவதால் மூர்வேத்ரின் துவர்ப்பு பட்டாகிவிடுகிறது. அதே ஒயினைக் கொழுப்பில்லாத வறண்ட கோழி நெஞ்சுக்கறியோடு வைத்துப் பாருங்கள், வித்தியாசம் புரியும். சமையலுக்கே போகாஸ்தெலை ஊற்றுவது வீண். மூன்று மணி நேர வேக்காட்டில் வாசனை எல்லாம் புகைபோக்கி வழியே போய்விடும்.

தைம், பூண்டு வைத்து 150 பாகை அடுப்பில் நான்கு மணி நேரம் வெந்த ஆட்டுத்தோள், கமார்க் சதுப்பின் காளைக்கறிக் குழம்பான கார்தியான், காட்டுப்பன்றி எல்லாம் பத்து வயது தாண்டிய சிவப்புக்கு. பக்கத்திலேயே ரிஷெராஷ் சந்தையில் குளிர்காலம் முழுக்கக் கறுப்பு டிரஃபிள் என்ற, மண்ணுக்கடியில் விளையும் காளான் விற்கும்; முட்டை அடைமேல் அதைச் சீவிப் போட்டு, இருபது வயது சிவப்போ பழைய வெள்ளையோ வைத்தால் வேறு எதுவும் வேண்டாம். நீலப் பூசணப் பாலாடைக்கட்டியைச் சிவப்போடு வைப்பதைத் தவிருங்கள். உப்பும் துவர்ப்பும் சேர்ந்து உலோகச் சுவை வரும். சாக்லேட்டும் வேண்டாம்.

வெள்ளைக்கு இறால் வகைகளில் பெரியது, லாங்குஸ்த். குங்குமப்பூச் சாறில் வெந்த லோத் மீன். மோரெல் காளானும் கிரீமும் போட்ட கோழி. நீம் நகரத்துப் பிராந்தாத் இன்னும் மலிவான, இன்னும் பொருத்தமான ஜோடி: உப்புக் காட் மீனை 24 முதல் 36 மணி நேரம், நாலைந்து முறை தண்ணீர் மாற்றி ஊறவைத்து, ஆலிவ் எண்ணெயும் பாலும் விட்டு மசிப்பது. உப்பு முழுக்க இறங்காவிட்டால் ஒயினின் கசப்பு தலைதூக்கும். சிப்பி, எலுமிச்சை பிழிந்த மீன், வினிகர் சாலட் இதற்கு ஆகாது. புளிப்பு குறைந்த ஒயின் அவற்றின் முன் தண்ணீராகத் தோன்றும். பனோன் என்ற, செஸ்நட் இலையில் கட்டிய ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியைச் சிவப்புக்கு வைப்பது வழக்கம். வெள்ளைக்கே அது நன்றாகப் பொருந்தும்.

பாரிஸின் லா ஷப்பல் கடைகளில் வாங்கிச் சமைக்கும் தமிழ் வீடுகளுக்கு ஒரு சொல்: மிளகாய்க் காரமும் 14.5 விழுக்காடு ஆல்கஹாலும் ஒன்றையொன்று ஏற்றிவிடும். சுக்கா வறுவலோடு இந்தச் சிவப்பை வைத்தால் நாக்கு எரியும், ஒயின் தெரியாது. புளிக்குழம்பும் அப்படியே. தேங்காய்ப்பாலில் மஞ்சளும் பச்சைமிளகாய் ஒன்றிரண்டும் போட்ட மீன் சொதிக்கு மட்டும் இந்த வீட்டின் மலிவான ஒயினான கூடூலேயின் வெள்ளை கச்சிதமாக வரும்.

கூடூலே என்பது அதே தோட்டம், நெடுஞ்சாலைக்கு மறுபுறம். பெயர் எல்லைக்கு வெளியே இருப்பதால் கோத் து ரோன் என்று விற்கிறது. அதே உருண்டைக் கற்கள், சிவப்பில் அதே 30 விழுக்காடு மூர்வேத்ர், விலை மட்டும் பெரியதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. வெள்ளையில் வியோனியே, மர்சான், பூர்பூலான் ஏறக்குறைய சரிபங்கு. ஆப்ரிகாட் பழ வாசனை தூக்கல். எட்டு, பத்து வருடத்துக்குள் குடித்துவிடலாம், மூடிக்கொள்ளும் காலம் என்ற தொல்லையும் குறைவு. முதல் முறை வாங்குபவர் இதையே வாங்கட்டும். 1989இல் தொடங்கி மிகச் சிறந்த ஆண்டுகளில் மட்டும் வரும் ஒமாஜ் அ ஷாக் பெரான் மூர்வேத்ர் மிகுந்த அபூர்வம். இருபது வருடம் 12, 13 பாகையில் படுக்கவைத்துக் காக்க இடமில்லாதவர் அந்தக் காசைச் செலவழிக்க வேண்டாம். சமையலறை அலமாரியில் ஒரே ஒரு கோடை போதும், கார்க் மேலே தள்ளி ஒயின் கசியத் தொடங்கிவிடும்.