ஊட்டச்சத்து பி.எஸ்ஸி.: கலைக் கல்லூரியா, மருத்துவப் பல்கலைக்கழகமா?

சென்னையில் ஊட்டச்சத்து படிக்க விரும்பும் மாணவருக்கு முதன்மையாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ராணி மேரி கல்லூரி, மகளிர் கிறித்துவக் கல்லூரி, எத்திராஜ் கல்லூரி போன்ற கலை, அறிவியல் கல்லூரிகளில் மனையியலாகவோ அதை ஒட்டிய ஊட்டச்சத்துப் படிப்பாகவோ கற்பிக்கப்படும் பி.எஸ்ஸி. மற்றொன்று, போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா போன்று மருத்துவமனையையும் தன்னகத்தே கொண்ட பல்கலைக்கழகங்கள் நடத்தும் மருத்துவ ஊட்டச்சத்துப் படிப்பு. பெற்றோர் பலர் உணவுத் தொழில்நுட்பத்தையும் இவற்றோடு சேர்த்து விசாரிக்கிறார்கள். அது வேறு தொழில் என்பதால் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன்.

பாடத்தாள்களின் பெயர்களை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. மனித உடலியங்கியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், உணவு அறிவியல், நோய்க்கேற்ற உணவுமுறை ஆகியவை இரண்டிலும் உண்டு. செய்முறைப் பயிற்சி எங்கே நடக்கிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

நீரிழிவோடு சிறுநீரகக் கோளாறும் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். நீரிழிவு மட்டும் இருந்தால் கீரையையும் பருப்பையும் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். சிறுநீரகம் பழுதுபட்டு இரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிட்டால் அதே கீரையையும், உடம்புக்குக் குளிர்ச்சி என்று வீட்டார் வாங்கித் தரும் இளநீரையும் கட்டுப்படுத்த வேண்டும். காய்களை நறுக்கி நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்துவிட்டுச் சமைக்கச் சொல்ல வேண்டும். டயாலிசிஸ் தொடங்கும் வரை குறைக்கச் சொன்ன புரதத்தை, தொடங்கிய பிறகு கூட்டச் சொல்ல வேண்டும். இதைத் தேர்வுத்தாளில் எழுதுவது ஒன்று. நோயாளியின் இரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, மருத்துவரிடம் கேட்டறிந்து, குழம்பும் ரசமும் இல்லாமல் சோறு இறங்காத ஒருவருக்கு அதை ஏற்கும்படி விளக்குவது முற்றிலும் வேறொன்று. வார்டும் மருத்துவமனைச் சமையற்கூடமும் வளாகத்திலேயே இருக்கும் படிப்பில் இந்தப் பழக்கம் முன்னதாகவே தொடங்குகிறது. கலைக் கல்லூரி மாணவிக்கு அது பெரும்பாலும் விடுமுறைப் பயிற்சியில், சில வாரங்களே கிடைக்கிறது.

ஆனால் ஊட்டச்சத்து என்பது வார்டோடு முடிவதில்லை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனையின் உணவு ஆலோசனை அறைக்கு வரவே போவதில்லை. 1920-இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவும், 1982-இன் சத்துணவும், 2022-இன் காலை உணவுத் திட்டமும் மக்களைத் தேடிச் சென்ற வழிகள். மனையியல் துறைகளின் வலிமை இந்தப் பக்கத்தில் இருக்கிறது: ஒரு குடும்பம் முந்தைய 24 மணி நேரத்தில் உண்டதைக் கேட்டுக் கணக்கிடுவது, குழந்தையின் எடையையும் கைச்சுற்றளவையும் அளப்பது, குறைந்த செலவில் நூறு பேருக்குச் சமைக்கத் திட்டமிடுவது. அங்கன்வாடிகளை மேற்பார்வையிடும் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் பணியில் கண் வைத்திருப்பவர்கள் இந்த அடித்தளத்தைக் குறைவாக மதிக்கக் கூடாது என்று வலியுறுத்திச் சொல்வேன்.

டயட்டீஷியன் ஆவதே குறிக்கோள் என்றால், எந்தக் கல்லூரியானாலும் இளநிலைப் பட்டத்தோடு நிறுத்துவது போதாது. இந்திய உணவியல் சங்கத்தின் பதிவுத் தேர்வை எழுத, முதுநிலைப் பட்டமோ பட்டயமோ முடித்து, ஆறு மாத மருத்துவமனைப் பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும் என்பதே வழக்கமான நடைமுறை. இதற்கிடையே இணை மருத்துவ, சுகாதாரத் தொழில்களை ஒழுங்குபடுத்த 2021-இல் இயற்றப்பட்ட தேசிய ஆணையச் சட்டம் உணவியல், ஊட்டச்சத்து வல்லுநர்களையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது; சுகாதாரத் தொழில் வல்லுநருக்கான பட்டம் 3,600 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்றும் அது கூறுகிறது. ஆகவே கட்டடத்தையும் விடுதியையும் பார்ப்பதற்கு முன், படிப்பின் மொத்த மணி நேரம் எவ்வளவு, அதில் மருத்துவமனையில் கழிவது எவ்வளவு, படிப்பு ஆணையத்தின் நெறிக்கு உட்பட்டதா என்று துறைத் தலைவரிடமே கேட்டுவிடுவது நல்லது.

செலவில் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. அரசுக் கல்லூரியில் கட்டணம் மிகக் குறைவு; ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். எப்படியும் முதுநிலை வரை போக வேண்டியிருப்பதால், கடன் வாங்கித்தான் படிக்க வேண்டும் என்ற நிலையிலுள்ள குடும்பத்துக்கு, இளநிலையை அரசு அல்லது அரசு உதவிபெறும் இடத்தில் முடித்து, மிச்சப்படுத்திய பணத்தை நல்ல மருத்துவமனையோடு இணைந்த முதுநிலைப் படிப்புக்கு வைத்துக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன். வசதி இருந்து, நோயாளிகளிடையே பணிபுரிவதில் உறுதியும் இருந்தால் மருத்துவப் பல்கலைக்கழகம் மேலானது. மேலே சொன்ன மூன்று கலைக் கல்லூரிகளும் மகளிருக்கானவை என்பதால், ஆண் மாணவர்களுக்குத் தேர்வு சுருங்கிவிடுகிறது. பெரும்பாலும் அவர்கள் இரண்டாம் வழியைத்தான் நாட வேண்டியிருக்கிறது. இத்துறைக்கு வர விரும்பும் இளைஞர்களுக்கு இது உண்மையான இழப்பு.

கிண்டி அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியிலும், சென்னையை அடுத்த கொடுவள்ளியில் இருக்கும் உணவு, பால்வளத் தொழில்நுட்பக் கல்லூரியிலும் உள்ள பி.டெக். உணவுத் தொழில்நுட்பம் பதப்படுத்தல், பொதியிடல், தரக்கட்டுப்பாடு பற்றியது. பொறியியல் படிப்பு என்பதால் பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பிரிவு என்பதை முதலில் பார்க்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு அலுவலர் பணிக்கான 2011 விதிகள் உணவுத் தொழில்நுட்பம், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் போன்ற பட்டங்களைப் பெயரிட்டுச் சொல்கின்றன. ஊட்டச்சத்துப் பட்டத்தை அப்படிச் சொல்லவில்லை. அந்த வேலை மீது ஆசை உள்ளவர் பி.டெக். பக்கம் போவதே சரி.

அஞ்சல் வழியில் படிக்கலாமா என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். உணவு, ஊட்டச்சத்து, உணவியல் படிப்புகளைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025 கல்வியாண்டு முதல் தடுத்துவிட்டது. எனவே அப்படி இடம் தருவதாகச் சொல்பவரிடம் முன்பணம் கட்ட வேண்டாம்.