மரைன் டேங்க் உப்பு அளக்க எத வாங்கலாம்: ஹைட்ரோமீட்டரா, ரிஃப்ராக்டோமீட்டரா, டிஜிட்டலா?

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் மரைன் டேங்க் (கடல்மீன் தொட்டி) வெச்சிருக்கற நம்மளுக்கு கடல் பக்கத்துல இல்லீங்க, ஆர்ஓ தண்ணில சால்ட் மிக்ஸ் போட்டு நாமளேதான் கலக்கோணும், அப்ப அளக்கற சாமானம் தப்பா காட்டுச்சுன்னா தொட்டி ஒட்டுக்கா தப்பாயிரும். நாம புடிக்க வேண்டிய அளவு 35 பிபிடி (ஒரு கிலோ தொட்டித்தண்ணில 35 கிராம் உப்பு), அதாவது 25 டிகிரில கிராவிட்டி (நல்ல தண்ணிய விட எத்தன மடங்கு கனம்ங்கறது) 1.026 கிட்ட.

மொதல்ல ஒண்ணு சொல்லிர்றேன், வீட்ல ஆர்ஓ தண்ணி பாக்கற டிடிஎஸ் பேனாவ இதுக்கு எடுக்காதீங்க. அதெல்லாம் பெரும்பாலும் 9990 பிபிஎம்மோட (பத்து லட்சத்துல எத்தன பங்குங்கற கணக்கு) நின்னுரும், கடல்தண்ணி 35,000 கிட்ட வரும்.

வெல கம்மின்னு எல்லாரும் மொதல்ல வாங்கறது முள்ளு ஆடற பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர்தான், தண்ணியோட கனத்த வெச்சு உப்பக் காட்டறது. முள்ளுல ஒரு காத்துக்குமிழி ஒட்டுனா எச்சா காட்டும், உப்பு படிஞ்சு காஞ்சிருந்தா கம்மியா காட்டும். வெறும் மீன் மட்டும்னா தட்டிவிட்டு, அலசி வெச்சு ஓட்டலாம், பவளம் வெக்கறவங்களுக்கு நான் சொல்லவே மாட்டேன். மிதக்கற கண்ணாடி ஹைட்ரோமீட்டர் அப்படி இல்லீங்க, நல்லதா வாங்குனா வருசக்கணக்கா மாறாது, பேட்டரி வேண்டாம், கேலிப்ரேஷன் (அளவச் சரிபாத்துத் திருத்தறது) வேண்டாம். ஆனா எந்த டிகிரிக்கு அளவு போட்டிருக்காங்கன்னு அது மேலயே எழுதியிருக்கும், தண்ணியும் அந்தச் சூட்டுல இருக்கோணும், ஒயரமான ஜாடில ஊத்தி அலையில்லாம பாக்கோணும். கை தவறுனா முடிஞ்சுது, அவ்வளவுதான்.

எனக்குப் புடிச்சது கண்ணுல வெச்சுப் பாக்கற ரிஃப்ராக்டோமீட்டர், தண்ணில ஒளி எவ்வளவு வளையுதுன்னு வெச்சு உப்பு அளக்கறது. ரெண்டு மூணு சொட்டு போதும், மூடியப் போட்டு அர நிமிசம் விட்டுப் பாத்தா கோடு தெளிவா தெரியும். இதுல ரெண்டு விசயத்த யாரும் சொல்லித் தர்றதில்ல. சல்லிசா கெடைக்கறதுல நெறைய, கடல்தண்ணிக்குன்னு இல்லாம வெறும் சோடியம் குளோரைடு கரைசலுக்கு ஸ்கேல் போட்டது, சரியான 35 தண்ணிய வெச்சா 36.5 கிட்ட காட்டும், அத நம்பி நீங்க தண்ணி ஊத்திக் கொறச்சா தொட்டி கீழ எறங்கிரும். ஆர்ஓ தண்ணி வெச்சு சைபர் பண்ணுனாலும் இது சரியாகாது, 35 பிபிடி கேலிப்ரேஷன் லிக்விட் வெச்சு ஸ்குரூவத் திருப்பி 35க்கு கொண்டுவந்தாத்தான் சரியாகும். ரெண்டாவது ஏடிசி, அதாவது சூட்டுக்குத் தகுந்தாப்ல அளவ அதுவே சரிபண்ணிக்கற வசதி, அது பெரும்பாலும் 10லிருந்து 30 டிகிரி வரைக்குந்தான், சித்திர வெயில்ல ஈரோட்டுலயும் கரூர்லயும் வீட்டுக்குள்ளயே 30 தாண்டிருமுங்க, அதனால காலைல வெள்ளன பாருங்க, இல்ல ஏசி ரூம்ல வெச்சுப் பாருங்க.

அந்த லிக்விட் கெடைக்கலீன்னா 36.5 கிராம் சுத்தமான சோடியம் குளோரைட 963.5 கிராம் ஆர்ஓ தண்ணில கரைச்சுக்கலாம், ஒளி வளையற அளவுல அது 35 கடல்தண்ணிக்கு சமம். ரிஃப்ராக்டோமீட்டருக்கு மட்டுந்தான், மத்ததுக்கு இத வெக்கக்கூடாது.

டிஜிட்டல்ல ரெண்டு வகை. மில்வாக்கீ எம்ஏ887 மாதிரி டிஜிட்டல் ரிஃப்ராக்டோமீட்டர்ல நம்பர் நேரா வரும், கண்ணு சரியாத் தெரியாதவங்களுக்கு நல்ல சௌகரியம், ஆனா அதோட துல்லியம் ±2 பிஎஸ்யு (ஏறக்குறைய பிபிடி மாதிரியேதான்), 35ன்னு காட்டுனா 33ஆவும் இருக்கலாம் 37ஆவும் இருக்கலாம், நம்பர் பளிச்சுன்னு தெரியறதால துல்லியம் கூடிராதுங்க. இன்னொண்ணு தண்ணில முக்கற கண்டக்டிவிட்டி மீட்டர், தண்ணில கரண்ட் எவ்வளவு நல்லா ஓடுதுன்னு வெச்சு அளக்கறது, 35 பிபிடிக்கு 25 டிகிரில 53 மில்லிசீமன்ஸ் கணக்கு. ப்ரோபுக்குள்ள குமிழி நிக்காம ஆட்டிவிட்டு, பாசி புடிக்காம கழுவி, அடிக்கடி கேலிப்ரேட் பண்ணுனா அருமையா இருக்கும், நாலஞ்சு தொட்டி வெச்சிருக்கறவங்களுக்கு காசுக்குத் தகுந்த சாமானம்.

ஒரே தொட்டின்னா சாதா ரிஃப்ராக்டோமீட்டரும் 35 லிக்விட் பாட்டில் ஒண்ணும் வாங்குங்க. பாட்டில் மூடிய மட்டும் எறுக்கி மூடுங்க, தண்ணி ஆவியாச்சுன்னா உப்பு எறுகி லிக்விடே 35 தாண்டிரும்.