லினக்ஸில் வியூக விளையாட்டு: போர்ட்டா, புரோட்டானா, புது எஞ்சினா?

விண்டோஸுக்காக எழுதிய வியூக விளையாட்டை லினக்ஸில் ஆட இன்றைக்கு மூன்று வழிகள் உண்டு. ஒரு நிறுவனம் நிரலை மாற்றி எழுதித் தரும் போர்ட் ஒன்று. விண்டோஸ் நிரலை அப்படியே வைத்துக்கொண்டு, அது கேட்பதையெல்லாம் லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கும் வைன், புரோட்டான் வகை இன்னொன்று. அப்புறம், ரசிகர்களே எஞ்சினை, அதாவது ஆட்டத்தை இயக்கும் அடிப்படை நிரலை, புதிதாக எழுதி, பழைய ஆட்டத்தின் படங்களையும் ஒலிகளையும் அதில் ஏற்றி ஓட்டுவது.

துப்பாக்கிச் சண்டை விளையாட்டென்றால் எதில் ஃபிரேம் அதிகம் வருகிறது என்று பார்த்து முடித்துவிடலாம். வியூக விளையாட்டில் அது போதாது. ஒரே ஆட்டத்தை மாதக்கணக்கில் சேமித்துச் சேமித்து ஆடுகிறோம். பத்து வருடம் கழித்தும் அதே ஆட்டத்துக்குத் திரும்புகிறோம். விண்டோஸ் வைத்திருக்கும் நண்பனோடும் மோத வேண்டும். இதையெல்லாம் எந்த வழி தாங்குகிறது என்பதுதான் என் அளவுகோல்.

போர்ட்டுக்குப் பழைய வரலாறு உண்டு. லோகி என்ற நிறுவனம் 1999இல் ‘சிவிலைசேஷன்: கால் டு பவர்’ விளையாட்டை லினக்ஸுக்குக் கொண்டுவந்தது. ‘ரெயில்ரோட் டைகூன் 2’, ‘ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3’ எல்லாம் அவர்கள் கைவண்ணம்தான். 2002 தொடக்கத்தில் நிறுவனம் மூடப்பட்டது. அதற்குப் பிறகு நூலகங்கள் (நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் பொது நிரல் தொகுப்புகள்) மாறிக்கொண்டே போக, திருத்தித் தர ஆளில்லாத அந்தப் போர்ட்களை இன்றைய லினக்ஸில் ஓடவைப்பதே தனி வித்தை. 2014இல் போர்ட் செய்யும் நிறுவனங்களான ஃபெரல் ‘எக்ஸ்காம்: எனிமி அன்நோன்’ விளையாட்டையும், ஆஸ்பைர் ‘சிவிலைசேஷன் 5’ விளையாட்டையும் லினக்ஸுக்குக் கொண்டுவந்தபோது இரண்டாவது அலை கிளம்பியது. மேக்கிலும் இதே கதைதான்: 2019இல் வந்த மேக் இயங்குதளப் பதிப்பான கேட்டலினா பழைய 32 பிட் நிரல்களைக் கைவிட்டதும், புதுப்பிக்கப்படாத போர்ட்கள் ஒரே மேம்படுத்தலில் காலி.

போர்ட் செய்பவர்களுக்கு வரும் தொல்லைகளும் விசித்திரமானவை. கோப்பின் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தை விண்டோஸ் கண்டுகொள்வதில்லை, லினக்ஸ் விடாது. விண்டோஸில் ஒழுங்காக ஓடிய மோட் (ரசிகர்கள் செய்யும் கூடுதல் மாற்றம்), லினக்ஸ் போர்ட்டில் கோப்பைக் காணோம் என்று படுத்துவிடும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேச்சே இல்லாத தமிழில் எழுதும் நமக்கு இது கொஞ்சம் வேடிக்கைதான்.

உண்மையான பரீட்சை மல்டிபிளேயரில். 1997இல் வந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ 28.8 மோடத்திலும் ஓட வேண்டியிருந்தது. நூற்றுக்கணக்கான வீரர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று நொடிக்கு நொடி அனுப்ப அந்த இணைப்பு தாங்காது. அதனால் ‘இவன் அங்கே போகட்டும்’ என்ற கட்டளை மட்டும்தான் அனுப்பப்படும். மீதியை ஒவ்வொரு கணினியும் தானே கணக்கிட்டுக்கொள்ளும். இந்த வகை விளையாட்டுகள் பலவும் இன்றும் அப்படித்தான். எல்லாக் கணினியிலும் விடை இம்மி பிசகாமல் ஒன்றாக வந்தால்தான் ஆட்டம் நடக்கும். நிரலைக் கணினிக்குப் புரியும் மொழியாக்கும் கம்பைலர் மாறினாலோ கணித நூலகம் மாறினாலோ தசமத்தின் கடைசி இலக்கம் நகரக்கூடும். பத்து நிமிடத்தில் என் திரையில் செத்துக் கிடக்கும் யானை உங்கள் திரையில் கோட்டையை இடித்துக்கொண்டிருக்கும். அதோடு ஆட்டம் சிங்க் (கணினிகளுக்கிடையிலான ஒத்திசைவு) உடைந்து நிற்கும்.

இந்தப் பரீட்சையில்தான் போர்ட் சறுக்குகிறது. ‘டோட்டல் வார்: வார்ஹாமர்’ லினக்ஸ் போர்ட்டில் மேக்காரர்களோடு மோதலாம், விண்டோஸ்காரர்களோடு முடியாது. ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் 2018இல் வெளியிட்ட புரோட்டானில் ஓடுவதோ விண்டோஸ் நிரலேதான் என்பதால் இந்தத் தொல்லை குறைவு. குறைவுதான், இல்லாமல் போகவில்லை. 2019இல் வந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ புதிய பதிப்பு புரோட்டானில் தனியாக ஆட நன்றாக ஓடியது, சேர்ந்து ஆடினால் சிங்க் உடைந்தது. கணிதச் சார்புகளை வைன் தானே எழுதிவைத்திருந்ததுதான் வினை. மைக்ரோசாஃப்டின் நூலகக் கோப்பு ஒன்றை மட்டும் எடுத்துவந்து உள்ளே போட்டதும் சரியானது.

ரசிகர் எஞ்சின்கள் இந்த நோயை வேரிலேயே வெட்டுகின்றன. ‘ரெட் அலர்ட்’ போன்ற பழைய ஆட்டங்களுக்கான ‘ஓப்பன்ஆர்ஏ’ எஞ்சினில் இடம், தூரம் எல்லாம் முழு எண்கள். ஒரு கட்டத்துக்கு 1024 அலகு. முழு எண்ணில் கம்பைலர் கருத்துவேறுபாடு கிடையாது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ‘ஓப்பன்டிடிடி’. கிறிஸ் சாயர் 1995இல் தந்த ‘டிரான்ஸ்போர்ட் டைகூன் டீலக்ஸ்’ பெரும்பாலும் செயலியின் கட்டளைகளிலேயே எழுதும் அசெம்பிளியில் எழுதப்பட்டது. போர்ட் செய்ய நினைப்பவரை விரட்டியடிக்கும் மொழி. லுட்விக் ஸ்ட்ரிகேயஸ் அதைப் பிரித்துப் பார்த்து சி மொழியில் எழுதி 2004இல் வெளியிட்டார். 2010இல் 1.0 வந்தபோது அசல் படங்கள்கூடத் தேவைப்படவில்லை. இன்று விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடுகிறது, இன்னும் புதுப்பதிப்பு வருகிறது. ‘ஹீரோஸ் 3’ விளையாட்டுக்கு ‘விசிஎம்ஐ’ என்ற ரசிகர் எஞ்சின் இருக்கிறது. அசல் கோப்புகளை நீங்கள் வாங்கிவைத்திருக்க வேண்டும், ஆண்ட்ராய்டிலும் ஆடலாம். லோகி போர்ட் செய்து பாழாய்ப்போன அதே ஆட்டம்.

ஆனால் இதற்குப் பொறுமை வேண்டும். போன வருடம் வந்த ஆட்டத்துக்கு இப்படி எஞ்சின் கிடைக்காது. கிடைத்தாலும் அசலின் அச்சாக இருக்கும் என்பதில்லை: ‘ஓப்பன்ஆர்ஏ’ படைகளின் பலத்தையே மாற்றி அமைத்திருக்கிறது, பழைய ‘ரெட் அலர்ட்’ பழக்கத்தில் போனால் அடி வாங்குவீர்கள்.

ஆக, புது ஆட்டமென்றால் நான் யோசிக்காமல் புரோட்டான். கைவிடப்பட்ட லினக்ஸ் போர்ட் இருந்தால்கூட, ஸ்டீமில் அந்த ஆட்டத்தின் பண்புகளுக்குப் போய் புரோட்டானையே தேர்ந்தெடுத்துக்கொள்கிறேன். பழைய காதலென்றால் முதலில் ரசிகர் எஞ்சின் இருக்கிறதா என்று தேடுவேன். காசு கொடுத்துப் போர்ட் வாங்குவது டேப்லெட்டுக்கு மட்டும்: ஃபெரல் 2016இல் ‘ரோம்: டோட்டல் வார்’ விளையாட்டை ஐபேடுக்குக் கொண்டுவந்தபோது விரலால் படை நடத்தும்படி முழுக் கட்டுப்பாட்டையும் மாற்றியமைத்தார்கள். புரோட்டான் போன்ற மொழிபெயர்ப்பு அடுக்குக்கு அந்த அறிவு வராது.

போர்ட்டிலிருந்து புரோட்டானுக்கு மாறும்போது ஒன்று: சேமித்த ஆட்டங்கள் வேறு கோப்புறைக்குப் போய்விடும். பழையவற்றை முதலிலேயே நகலெடுத்து வையுங்கள். நான் வைக்கவில்லை. 180ஆவது டர்னில் இருந்த பேரரசு, போர்ட்டை நீக்கியபோது கூடவே போனது.