பட்டறைக்காரர் விட்டுப்போன லேத்: எடைக்கா, வியாபாரிக்கா, நேரடியாகவா?

கோயம்புத்தூரில் கணபதி, ஆவாரம்பாளையம், சிங்காநல்லூர் பக்கம் வீட்டின் பின்பக்க ஷெட்டில் இரும்பைச் சுழலவிட்டுக் கடையும் லேத் போட்டு, பம்ப்செட் ஷாஃப்டும் கிரைண்டர் பாகங்களும் கூலிக்கு ஜாப் ஒர்க் செய்த ஒரு தலைமுறை இப்போது ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கிறது. எங்கள் பெரியப்பாவும் அவர்களில் ஒருவர். ஷெட்டில் ஆறடி லேத், பில்லர் டிரில்லிங் மிஷின், இரும்பைச் சீவிச் சமமாக்கும் ஷேப்பர், பெஞ்ச் கிரைண்டர், ஒரு மர அலமாரி நிறைய டூல்ஸ். காரியம் முடிந்த கையோடு பழைய இரும்புக்காரர்கள் விசாரிக்க வந்துவிட்டார்கள். "எல்லாத்தையும் ஒரே விலைக்கு எடுத்துக்கறோம், லாரியும் நாங்களே கொண்டாறோம்" என்பார்கள். துக்க வீட்டுக்கு அது பெரிய உதவி போலத் தெரியும். அந்த நேரத்தில் தலையாட்டிவிடக் கூடாது.

பெரியம்மாவுக்கு இருந்த வழிகள் நான்கு. எடைக்குப் போடலாம். பழைய மிஷின் வியாபாரியிடம் தள்ளலாம். இன்னொரு பட்டறைக்காரருக்கு நேரடியாக விற்கலாம். கூடவே வேலை பார்த்தவரிடம் கொடுக்கலாம். என் கருத்து, ஷெட் முழுவதையும் இந்த நான்கில் ஒரே வழியில் அனுப்பும்போதுதான் பெரிய நஷ்டம் வருகிறது. பிரித்து அனுப்ப வேண்டும்.

முதலில் எடை. ஆறடி லேத் 800 கிலோ, வார்ப்பிரும்பு கிலோ 35 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால் 28,000 ரூபாய். உங்கள் மிஷினின் எடையும் அன்றைய விலையும் வேறாக இருக்கலாம். கணக்குப் போடும் முறை இதுதான். இந்தத் தொகையைத் தரைவிலை என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஓடுகிற நிலையில் உள்ள லேத்தை இதற்குக் கீழே யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. அதே கம்பெனி, அதே நீளமுள்ள லேத்துக்கு வியாபாரிகள் கேட்கும் விலை மேல்வரம்பு. அது அவர்கள் கேட்கிற விலைதான், கைக்கு வந்த விலை அல்ல. லேத்தின் நீள அடித்தளமான 'பெட்'டைச் சுரண்டிச் சமப்படுத்தி, பெயிண்ட் அடித்து, மாதக்கணக்கில் குடோனில் வைத்திருந்து விற்கிற செலவும் அதில் சேர்ந்திருக்கிறது. நியாயமான விலை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. எங்கே என்பதை மிஷினின் நிலைமை சொல்லும்.

மிஷின் மேல் இருக்கிற பெயரும் பேசும். 1953இல் தொடங்கிய எச்எம்டி, ஹரிஹரில் தயாரான கிர்லோஸ்கர், நம்ம ஊர் பீளமேட்டு பிஎஸ்ஜி என்று பிளேட் இருந்தால் கேட்கிற ஆள் உண்டு. பஞ்சாபின் படாலா, குஜராத்தின் ராஜ்கோட் லேத்துகளுக்கும் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், பேரம்தான் கொஞ்சம் கூடும். ஆனால் தேய்ந்துபோன எச்எம்டியைவிட நன்றாக வைத்திருந்த ராஜ்கோட் லேத் மேல் என்பதை லேத் ஓட்டுகிற எந்த டர்னரும் ஒப்புக்கொள்வார்.

தேய்மானத்தைப் பார்க்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டி வாருங்கள். வேலை பெரும்பாலும் இரும்பைப் பிடித்துச் சுழற்றும் சக் அருகில்தான் நடக்கிறது, அதனால் பெட் அந்தப் பக்கம்தான் அதிகம் தேயும். வெட்டும் டூலைத் தாங்கி பெட் மேல் நகரும் சேடிலைச் சக் பக்கம் நிறுத்தி ஆட்டம் இல்லாதபடி டைட் செய்துவிட்டு, மறுமுனையில் உள்ள டெயில்ஸ்டாக் பக்கம் தள்ளிப் பாருங்கள். போகப் போக இறுகினால் தேய்மானம் இருக்கிறது. டூலைக் குறுக்கே நகர்த்தும் க்ராஸ் ஸ்லைடு கைப்பிடியை முன்னும் பின்னும் திருப்பி, ஸ்லைடு நகராமல் டயலில் எத்தனை கோடு வெறுமனே ஓடுகிறது என்று எண்ணலாம்; அதுவும் தேய்மானத்தைக் காட்டும். சக்கில் ஒரு ராடைப் பிடித்து, ஆறு அங்குல நீளத்துக்கு லேசாக டர்னிங் போட்டு, இரண்டு முனையையும் மைக்ரோமீட்டரில் அளந்து காட்டினால் வாங்குகிறவருக்குப் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

இதற்கெல்லாம் மிஷின் ஓட வேண்டும். ஆகவே கரண்ட் இணைப்பைச் சரண்டர் செய்வது கடைசி வேலையாக இருக்கட்டும். ஆள் இல்லாத ஷெட்டுக்கு எதற்கு பில் என்று அவசரப்பட்டு எழுதிக் கொடுத்த வீடுகளில், ஓடுகிற லேத் ஓடாத லேத்தாகத்தான் விலை பேசப்படுகிறது.

இனி அந்த அலமாரி. வந்து பார்க்கிறவர்களின் கண் எல்லாம் பெரிய மிஷின் மேல்தான் இருக்கும். வீட்டாரும் அப்படியே. உண்மையில் எடைக்குப் போட்டால் அதிகம் ஏமாறுவது சின்னச் சாமான்களில்தான். அடித்தட்டில் எண்ணெய்த் துணியில் சுற்றி ஒரு கியர் கிடந்தது. பெரியப்பாவிடம் வேலை பழகிய அண்ணன் அதைக் கையில் எடுத்துப் பல்லை எண்ணினார். 127. "அம்மா, இதெத் தனியா வித்துப்போடாதீங்க. இது இல்லீன்னா இந்த லேத்துல மில்லிமீட்டர் மரை சரியா வராதுங்க" என்றார். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர்; அதை ஐந்தால் பெருக்கினால் 127. அங்குலக் கணக்கு லீட் ஸ்க்ரூ (மரை போடும்போது டூலை நகர்த்தும் நீளத் திருகு) உள்ள லேத்தில் மில்லிமீட்டர் மரை பிசகாமல் போட அந்தப் பல் கணக்குதான் கைகொடுக்கிறது. எடைக்காரருக்கு அது சில கிலோ இரும்பு.

அதுபோலத்தான் சக்கில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் ஜாக்களும். மூன்று ஜா சக்கில் 1, 2, 3 என்று எண் குத்தியிருக்கும், வெளிப்பக்கம் பிடிக்கும் இன்னொரு செட்டும் எங்காவது டப்பாவில் இருக்கும். ஒன்று தொலைந்தாலும் செட் வீண். ஃபேஸ் பிளேட் (வேலைப்பொருளைப் போல்ட் போட்டு இறுக்கும் வட்டத் தட்டு), ஸ்டெடி (நீள ராடைத் தாங்கும் சட்டம்), நாலு ஜா சக் எல்லாம் தேடி எடுத்து லேத்தோடு சேர்த்து வையுங்கள். கதவுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிற கனமான வட்டம்கூட ஃபேஸ் பிளேட்டாக இருக்கலாம்.

இரும்பை வெட்டும் கார்பைடு பிட்டுகளை இரும்போடு கலக்கவே கூடாது. கையில் வைத்துப் பார்த்தால் அதே அளவு இரும்பைப்போல இரண்டு மடங்கு கனக்கும். உடைந்த துண்டுக்கும் கிலோவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு விலை. பித்தளை, கன்மெட்டல் (ஒரு வகை வெண்கலம்) துண்டுகளையும் தனியே எடுங்கள். மைக்ரோமீட்டர், டயல் கேஜ், வெர்னியர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் துடைத்து, ஜீரோ சரியாக நிற்கிறதா என்று பார்த்து, தனித்தனியாக விற்பதுதான் நல்லது. மிட்டுடோயோ என்று ஜப்பான் கம்பெனிப் பெயர் இருந்தால் இளம் டர்னர்கள் நேரில் வந்தே வாங்கிப் போவார்கள்.

வியாபாரியா, நேரடி விற்பனையா? இங்கேதான் வீட்டின் நிலைமையைப் பார்க்க வேண்டும். வியாபாரி ஒரே நாளில் பணம் தந்து கிரேன் வைத்து ஏற்றிப் போவார், விலை குறையும். நேரடியாக விற்றால் விலை கூடும். ஆனால் ஃபோன் அடித்துக்கொண்டே இருக்கும், ஆள் வருவார் போவார், அட்வான்ஸ் கொடுத்தவர் காணாமல் போவார். தனியாக இருக்கிற அறுபது வயது அம்மா இதையெல்லாம் சமாளிக்க வேண்டும் என்றால் நான் வியாபாரியைத்தான் சொல்வேன், இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்டுவிட்டு. பிள்ளைகள் உள்ளூரில் இருந்தால் நேரடியாக விற்கலாம். எந்த வழி என்றாலும் பிரிப்பது, தூக்குவது, லாரி யார் செலவு என்பதை விலையோடு சேர்த்தே பேசிவிடுங்கள்.

கூட வேலை செய்தவர் கேட்டால் அவருக்கே முதல் உரிமை என்பது என் தீர்மானமான எண்ணம். மிஷினின் குணம் அவருக்குத் தெரியும், மேல்வரம்பிலிருந்து கொஞ்சம் குறைத்துக் கொடுத்தாலும் நஷ்டம் இல்லை. பெரியம்மா யோசிக்கவே இல்லை. "அவன் கைக்குப் போனா மிஷின் ஓடும்" என்றார். லேத்தும் டிரில்லிங் மிஷினும் அண்ணனுக்கு, தவணையில். பாசம் இருக்கிற இடத்தில்தான் எழுத்து இன்னும் அவசியம்: மொத்த விலை, முன்பணம், மாதத் தவணை, என்னென்ன சாமான் சேர்த்தி என்று எல்லாம் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஷேப்பர் மட்டும் எடைக்குப் போயிற்று. மில்லிங் மிஷினும் கம்ப்யூட்டரில் ஓடும் சிஎன்சியும் வந்தபிறகு அதைக் கேட்டு வருகிறவர்கள் மிகக் குறைவு. விசாரித்துப் பார்த்துவிட்டு எடைக்குக் கொடுப்பதில் தவறில்லை. மோட்டாரைக் கழற்றித் தனியாக விற்றுவிடுங்கள்.

பணம் கை மாறுவதற்கு முன் பார்க்க வேண்டியவை: மிஷின் மேல் வங்கிக் கடன் பாக்கி இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்று வாங்காமல் விற்க முடியாது. ஜிஎஸ்டி பதிவு இருந்திருந்தால் ஆடிட்டரைக் கேட்டபிறகே விற்க வேண்டும். தாசில்தார் அலுவலக வாரிசுச் சான்றிதழில் பெயர் உள்ள எல்லாரும் விற்பனைக்குச் சம்மதம் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போடட்டும், வெளியூரில் இருக்கிற மகளும் சேர்த்துத்தான்.