வங்கி ஆப்பில் இருக்கும் கார்டு ஸ்விட்ச்: எட்டு மாத அனுபவம்

எங்கள் வங்கியின் ஆப்பில் ‘கார்டு கன்ட்ரோல்’ என்று ஒரு பக்கம் இருக்கிறது. ஆன்லைன், வெளிநாடு, டேப் (மிஷினில் கார்டைத் தொட்டாலே பணம் போவது), கடை மிஷின், ஏடிஎம் என்று வரிசையாக ஸ்விட்ச்சுகள். வேண்டியதைத் திறக்கலாம், வேண்டாததை மூடலாம், ஒவ்வொன்றுக்கும் இவ்வளவுதான் என்று வரம்பும் வைக்கலாம். எட்டு மாதமாக என் கிரெடிட் கார்டை இதை வைத்துத்தான் பூட்டி வைத்திருக்கிறேன்.

எந்த வங்கி என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். சொல்லவும் அவசியமில்லை. 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவுப்படி, கார்டு கொடுக்கிற எல்லாரும் இந்த வசதியைக் கொடுத்தாக வேண்டும். உங்கள் ஆப்பிலும் எங்காவது ஒரு மூலையில் இருக்கும்.

நான் தையல்காரன். முப்பது வருஷம் மதுரை புதுமண்டபத்துத் தூண்களுக்கு நடுவில் மிஷின் போட்டு உட்கார்ந்திருந்தவன், இப்போது குன்னத்தூர் சத்திரத்தில். பங்குனிக் கடைசியில் எங்களுக்குச் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேஷம் கட்டுகிறவர்களின் உடுப்பெல்லாம் வரிசையில் நிற்கும். அப்படி ஒரு மத்தியானம்தான் அந்த போன் வந்தது.

பேசியவன் நல்ல தமிழில், மரியாதையாகப் பேசினான். “சார், உங்க கார்டுல ரிவார்டு பாயின்ட் இன்னைக்கு ராத்திரியோட காலாவதி ஆகுது.” என் முழுப் பெயரைச் சொன்னான். கார்டின் முதல் ஆறு எண்களையும் சொன்னான். அதில்தான் நான் விழுந்தேன். ஒரே வங்கியில் ஒரே ரகக் கார்டு வைத்திருக்கிற எல்லாருக்கும் அந்த முதல் எண்கள் ஒன்றுதான் என்று அப்போது எனக்குத் தெரியாது. மீதி எண்களை நானே சொன்னேன். பின்னால் இருக்கிற மூன்று எண்ணையும் சொன்னேன். போனை ஸ்பீக்கரில் போட்டு, கால் பெடலில், கை ஜரிகையில். மெசேஜ் வந்தது. கண்ணாடி நெற்றியில் இருந்தது. பெரிதாகத் தெரிந்த ஆறு இலக்கத்தை மட்டும் படித்துச் சொல்லிவிட்டேன். அதே மெசேஜில், அந்த இலக்கத்துக்கு அடுத்த வரியில், 18,400 ரூபாய் என்று போட்டிருந்தது.

“சார், ஃபெயில் ஆயிருச்சு, இன்னொண்ணு வரும்” என்றான். இரண்டாவது மெசேஜ் வந்தபோது காஜா எடுக்கிற பையன் பக்கத்தில் நின்றான். எட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணே, இதுல 24,999-னு போட்டிருக்குண்ணே, யாருக்கு அனுப்புறீங்க?” என்றான். போனை வைத்தேன். பாபினில் நூல் தீர்ந்து மிஷின் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது.

கார்டுக்குப் பின்னால் இருக்கிற எண்ணுக்கு அடித்தேன். ஒன்றை அமுக்கு, நாலை அமுக்கு, பதினாறு எண்ணையும் அமுக்கு. காத்திருக்கிற நேரத்தில் ஒரு அம்மா இனிமையான குரலில் பர்சனல் லோன் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பதினோரு நிமிஷம். கார்டு பிளாக் ஆன பிறகு, சைபர் மோசடிப் புகாருக்கான அரசு எண் 1930-க்கு அடித்தேன். அங்கே பொறுமையாகக் கேட்டார்கள், என்ன நேரம், எவ்வளவு, எந்த வங்கி என்று எழுதிக்கொண்டு புகார் எண் கொடுத்தார்கள். பணம் அடுத்த கைக்குப் போவதற்குள் மறித்து நிறுத்துவதுதான் அந்த எண்ணின் வேலை. என் பணம் அதற்குள் பரிசுக் கூப்பனாக மாறிவிட்டிருந்தது.

வங்கிக்குப் போனால், “ஓடிபியை நீங்களே சொல்லியிருக்கீங்க சார்” என்று முடித்துவிட்டார்கள். கோபம் வந்தது. ஆனால் ரிசர்வ் வங்கியின் 2017 விதியும் அதைத்தான் சொல்கிறது. வங்கி மேலும் தப்பில்லை, நம் மேலும் தப்பில்லை, வேறு எங்கோ ஓட்டை என்றால், தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நமக்கு நஷ்டமில்லை. ரகசிய எண்ணை நாமே கொடுத்திருந்தால், புகார் சொல்லும் வரை போனதெல்லாம் நம் கணக்கு, சொன்ன பிறகு போவதுதான் வங்கியின் கணக்கு. பதினெட்டாயிரத்தை ஆறு தவணையாகக் கட்டினேன்.

பழைய கார்டில் எப்போதோ மிஷினுக்கு மோட்டார் வாங்க ஆன்லைனைத் திறந்தவன், மூடவே இல்லை. மூடியிருந்தால் நான் எத்தனை எண்ணைச் சொல்லியிருந்தாலும் அந்தப் பயலால் ஒரு ரூபாய் எடுத்திருக்க முடியாது. புதுக் கார்டு வந்தபோது ஆன்லைன், வெளிநாடு, டேப் மூன்றும் மூடித்தான் வந்தது. விதியே அப்படித்தானாம். அப்படியே விட்டுவிட்டேன். மகள் ஏதாவது கேட்டால் ஆன்லைனைத் திறந்து, வரம்பை 1,500 என்று வைத்து, வாங்கி முடித்ததும் மூடுவேன். டேப் எனக்கு வேண்டாம். 5,000 ரூபாய் வரை பின் நம்பரே கேட்காது என்பது வசதிதான், ஆனால் மாசி வீதிக் கூட்டத்தில் நான் எத்தனை பர்ஸைத் தொலைத்திருக்கிறேன் என்று என் மனைவியைக் கேளுங்கள்.

ஆவணியில் ஒருநாள் விடியற்காலை எழுந்து பார்த்தால் ஒரு மெசேஜ். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு டாலருக்கு யாரோ முயன்றிருக்கிறார்கள், வெளிநாட்டு ஸ்விட்ச் மூடியிருந்ததால் நிராகரிக்கப்பட்டது. கார்டு உயிரோடு இருக்கிறதா என்று இப்படிச் சின்னத் தொகையில்தான் தட்டிப் பார்ப்பார்களாம். வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் ஓடிபியே கேட்காது. போனில் நான் வாயைத் திறக்காமலே பணம் போயிருக்கும். அன்றைக்கே கார்டை மாற்றச் சொல்லிவிட்டேன்.

குறைகளும் சொல்லவேண்டும். ஆப்பில் லோன் விளம்பரம் முகப்பிலேயே இருக்கிறது. இந்த ஸ்விட்ச்சோ நாலு பக்கம் உள்ளே. தமிழ் என்று தேர்ந்தெடுத்தாலும் இந்தப் பக்கம் மட்டும் ஆங்கிலம். மாதாமாதம் தானாகப் போகிற கட்டணம் ஏதாவது இருந்தால், ஆன்லைனை மூடியதும் அதுவும் நின்றுவிட வாய்ப்புண்டு. என் மகளின் பாட்டு ஆப் அப்படித்தான் நின்றது, இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அப்புறம், போனில் பேசுகிறவன் “சார், அந்த ஸ்விட்ச்சைக் கொஞ்சம் திறங்க” என்றால் திறந்துவிடுகிற ஆளுக்கு இது உதவாது. போன் திரையைக் காட்டுகிற ஆப்பை இறக்கச் சொன்னாலும் அதே கதைதான்.

பேசுகிறவன் யார் என்று பார்க்கிற வழியும் இப்போது கொஞ்சம் இருக்கிறது. வங்கிகள் சேவை விஷயமாகக் கூப்பிட 1600-ல் தொடங்கும் எண்களை ஒதுக்கியிருக்கிறார்கள், விளம்பரத்துக்கு 140. என்னைக் கூப்பிட்டது சாதாரணப் பத்து இலக்க மொபைல் எண். நான் இப்போது எந்த எண் என்றும் பார்ப்பதில்லை, வைத்துவிட்டு கார்டின் பின்னால் உள்ள எண்ணுக்கு நானே அடிக்கிறேன்.

ஸ்விட்ச்சுக்கு ஐந்துக்கு ஐந்து கொடுக்கலாம் என்றுதான் இருந்தேன். போன வாரம் அப்டேட் வந்தது. இருந்த இடத்தை மாற்றிவிட்டார்கள். நானும் காஜா பையனும் அங்கிட்டு இங்கிட்டு கால் மணி நேரம் தேடினோம். நாலரை.